1366 எப்படிச் சரியாக வந்தது?

இரண்டின் ஆயிரமாவது அடுக்கை முழுவதுமாக எழுதி, அதன் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1366 வரும். ப்ராஜெக்ட் ஆய்லர் என்ற இணையதளத்தில் வரும், நிரல் எழுதித் தீர்க்கும் கணக்குப் புதிர்களில் கொஞ்சமாவது கை வைத்தவர்களுக்கு இது 16-ஆம் புதிர் என்று தெரிந்திருக்கும். விடையை இப்படிப் போட்டு உடைக்கலாமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதல் நூறு புதிர்களைப் பற்றி வெளியே பேசலாம், அதற்கு மேல் போனால்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. நான் பேசப்போவது 16, 20 என்ற இரண்டு புதிர்களைப் பற்றி. இரண்டுமே எளியவை என்று பெயரெடுத்தவை. அவற்றில் ஒன்றில் எனக்கு விடை சரியாக வந்தது, மற்றதில் தவறாக வந்தது. தவறாக வந்ததை இரண்டே நாளில் சரிசெய்துவிட்டேன். சரியாக வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்போது நான் சி மொழி கற்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதில் இருக்கும் முழு எண் வகைகளில் பெரியது 64 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 64 இடங்கள். இருபது இலக்கத்தோடு அதன் கதை முடிந்துவிடும். ஆனால் இரண்டின் ஆயிரமாவது அடுக்குக்கு 302 இலக்கங்கள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபோது டபுள் என்ற தசம எண் வகை கண்ணில் பட்டது. அது 10-இன் 308-ஆம் அடுக்குவரை தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. 302 என்பது 308-ஐவிடச் சின்னது, அப்புறம் என்ன? அடுக்கு கணக்கிடும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, தசமப் புள்ளிக்குப் பின்னால் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, வந்ததை அப்படியே எழுத்துகளாக ஒரு சரத்தில் வாங்கிக்கொண்டேன். 10715086071862673209 என்று தொடங்கி 376 என்று முடிந்தது. எண்ணிப் பார்த்தேன், 302 இலக்கங்களும் இருந்தன. ஒரு லூப் போட்டுக் கூட்டினேன். 1366. பச்சை டிக். ஏழெட்டு வரி, பத்து நிமிடம்.

விடை சொன்ன பிறகு மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், சி எழுதியவர்கள் எல்லாரும் அரே என்ற கட்ட வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்று போட்டு, ஆயிரம் முறை இரட்டித்திருந்தார்கள். பாவம், இவர்களுக்கெல்லாம் டபுள் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

## 683

20-ஆம் புதிர் நூறின் ஃபாக்டோரியலைப் பற்றியது. 1 முதல் 100 வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வரும் எண்ணின் இலக்கங்களைக் கூட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு 158 இலக்கங்கள். 302-ஐயே பார்த்தவனுக்கு 158 எம்மாத்திரம். அடுக்கு ஃபங்ஷன் இருந்த வரியை எடுத்துவிட்டு, பெருக்கும் லூப் ஒன்றைப் போட்டேன். மீதி எல்லாம் பழைய நிரல்தான். 683 என்று வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் தவறு என்று திரும்பி வந்தது.

லூப் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்தேன். 99-இல் நின்றுவிடுகிறதோ? இல்லை. புதிரிலேயே ஒரு சின்ன உதாரணம் கொடுத்திருப்பார்கள்: பத்தின் ஃபாக்டோரியல் 3628800, இலக்கங்களின் கூட்டல் 27. என் நிரலும் 27 என்றது. இருபதுக்குப் போட்டுப் பார்த்தேன், 54. கையால் கூட்டினாலும் 54. சின்ன எண்களுக்கெல்லாம் சரியாக வருகிறது, நூறுக்கு மட்டும் தப்பு என்கிறார்கள். ஒரு கட்டத்தில் புதிர் போட்டவர்கள்தான் தவறு செய்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. இந்தக் கட்டத்தைத் தாண்டாத நிரலாளர் யாரும் இருக்க மாட்டார் என்பதால் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

683-மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருந்தது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் சராசரி 4.5. இலக்கங்கள் ஓரளவு கலந்துகட்டி வருகின்றன என்று வைத்துக்கொண்டால், 302 இலக்கத்துக்கு 1359 வர வேண்டும். வந்தது 1366. அடேங்கப்பா, எவ்வளவு நெருக்கம்! அதே கணக்கில் 158 இலக்கத்துக்கு 711. 683 அதற்குப் பக்கத்தில்தானே நிற்கிறது? இதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொண்டேன். (சரியான விடை 648. என் சராசரிக் கணக்குப்படி பார்த்தால் சரியான விடைதான் 683-ஐவிடத் தள்ளி நிற்கிறது. காரணம் கீழே வரும்.)

இரண்டாம் நாள் மாலை, வேறு வழி தெரியாமல் அந்த 158 இலக்கங்களையும் திரையில் அச்சிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. முதல் சில இலக்கங்கள், நடுவில் ஒரு பெருங்கூட்டம், கடைசியில் 813248. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் உறைத்தது. எட்டில் முடிகிறது. 10, 20, 30 என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிய எண் எப்படி எட்டில் முடியும்? பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டால்கூடக் கடைசியில் பூஜ்யம் வரும் என்று சொல்லியிருக்கும். எத்தனை பூஜ்யம் என்றும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு இரண்டும் ஒரு ஐந்தும் சேர்ந்தால் ஒரு பூஜ்யம். இரண்டுகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் ஐந்துகளை எண்ணினால் போதும். நூறுக்குள் ஐந்தின் மடங்குகள் 20, அவற்றில் 25, 50, 75, 100 ஆகியவை ஆளுக்கு இன்னொரு ஐந்தைக் கொண்டுவரும். ஆக 24 பூஜ்யங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. சராசரிக் கணக்கு ஏமாற்றியதும் இதனால்தான். 158-இல் 24 பூஜ்யமாகப் போய்விட்டால் மிஞ்சுவது 134 இலக்கங்கள்தான்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும், அந்த எண்ணையே ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றுதான். 10, 100, 1000 எல்லாமே ஒன்பதால் வகுத்தால் 1 மிச்சம் வைப்பதால் வரும் விளைவு அது. நூறின் ஃபாக்டோரியலில் ஒன்பது ஒரு காரணியாகவே உட்கார்ந்திருக்கிறது, எனவே விடை ஒன்பதின் மடங்காக இருந்தே தீர வேண்டும். 683-ஐ ஒன்பதால் வகுத்தால் 8 மிச்சம். எழுதிய விடையைக் கொடுப்பதற்கு முன்பே, நிரலைத் திறக்காமலே, இது தவறு என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சோதனை எல்லாத் தவறுகளையும் பிடிக்காது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. குருட்டாம்போக்கில் வரும் தவறுகளிலும் ஒன்பதில் ஒன்று தப்பிவிடும். ஆனால் என்னுடையது தப்பவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

## மனதில் வைக்கும் கணக்கு

டபுள் இத்தனை இலக்கங்களைத் துல்லியமாக வைத்திருக்காது, ஏறக்குறைய 15 இலக்கங்களுக்குத்தான் உத்தரவாதம் என்பதை அன்று படித்துத் தெரிந்துகொண்டேன். சரி என்று நானும் அரேக்கு வந்தேன். நான் பாவப்பட்ட அதே ஆட்களின் வழிதான்.

செய்வது மூன்றாம் வகுப்பில் கற்றதுதான். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கு, பெருக்கு, ஒன்றாம் இலக்கத்தை எழுது, மீதியை மனதில் வை, அடுத்த கட்டத்தில் சேர். இரண்டால் பெருக்கும்போது மனதில் வைப்பது அதிகபட்சம் ஒன்றுதான். 97-ஆல் பெருக்கும்போது அது இரண்டு இலக்கமாக வளர்ந்து நிற்கும். கடைசிக் கட்டம் முடிந்த பிறகும் மனதில் இருப்பதை ஒரே கட்டத்தில் திணித்துவிட்டு அடுத்த பெருக்கலுக்குப் போனேன். எனவே ஒரு கட்டத்துக்குள் 47 போன்ற எண்கள் உட்கார்ந்திருந்தன. அதையும் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு 648 வந்தது. கடைசியில் 24 பூஜ்யங்கள் வரிசையாக நின்றன. அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் பச்சை டிக்கைப் பார்த்தபோது கிடைக்கவில்லை.

பிறகு கொஞ்சம் தெம்பு வந்து, கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்பதை விட்டுவிட்டு ஒன்பது இலக்கங்களாக வைக்கத் தொடங்கினேன். ஒன்பது இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கினாலும் 18 இலக்கம்தான், 64 பிட்டுக்குள் அடங்கிவிடும். வேகம் எகிறியது. இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் அச்சிடும்போது வரும். ஒரு கட்டத்தில் 45 இருந்தால் அதை 000000045 என்று அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணே மாறிப்போகும். வேடிக்கை என்னவென்றால், இலக்கங்களைக் கூட்டும் புதிருக்கு இந்தத் தவறு ஒரு பொருட்டே இல்லை. விழுந்துபோன பூஜ்யங்களால் கூட்டல் மாறுவதில்லை. தவறான எண்ணிலிருந்து சரியான விடை! அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. 20-ஆம் புதிர் முடிந்தது, அடுத்ததற்குப் போய்விட்டேன். 16-ஆம் புதிரின் நிரல் எங்கோ ஒரு ஃபோல்டரில் பச்சை டிக்கோடு நிம்மதியாகத் தூங்கியது.

## "அது மட்டும் எப்படிண்ணா?"

வருடங்கள் கழித்து, என் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதே புதிர்களைப் போடத் தொடங்கியிருந்தார். பைத்தானில் எழுதுகிறவர். 16-க்கும் 20-க்கும் ஆளுக்கொரு வரி. "அண்ணா, இதுல என்ன புதிர் இருக்கு? ஒரே வரில முடிஞ்சிருச்சே" என்றார். எனக்குள் இருக்கும் கிழவன் விழித்துக்கொண்டான். இதெல்லாம் திருட்டு ஆட்டம், மொழியே எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட்டால் நீ என்ன செய்தாய், நாங்கள் எல்லாம் அரே வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பெருக்கினோம் என்று தொடங்கி, 683 கதையை விலாவாரியாகச் சொன்னேன். டபுளை நம்பி மோசம்போனது, எட்டில் முடிந்த எண், 24 பூஜ்யம், எல்லாம். கதையை நான் நன்றாகவே சொல்வேன், பலமுறை சொல்லிப் பழகியது.

அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரிண்ணா, டபுள்ல பதினஞ்சு இலக்கம்தான் நிக்கும்னா, அந்த 302 இலக்கம் மட்டும் எப்படிண்ணா சரியா வந்துச்சு?" என்றார்.

"அது... ஏதோ அதிர்ஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். ஆனால் சொன்ன கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பதிலே இல்லை. 287 இலக்கங்கள் அதிர்ஷ்டத்தில் சரியாக வராது. ஒவ்வொன்றும் பத்தில் ஒரு வாய்ப்பு என்றால், அப்படி வருவதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள எந்த முகமும் இல்லை. அதற்குத் திட்டவட்டமான காரணம் இருந்தாக வேண்டும். இத்தனை வருடமும் 683 ஏன் தவறு என்று கதை சொல்லிக்கொண்டிருந்தவன், 1366 ஏன் சரி என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் என் கதையே இடித்திருக்கும். டபுள் பெரிய எண்ணைத் தாங்காது என்பது கதையின் நீதி. அதே டபுள் அதைவிடப் பெரிய எண்ணை முழுசாகத் தாங்கியது கதையின் முன்கதை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள்.

அன்று இரவு உட்கார்ந்தேன். டபுள் என்பது 64 பிட். ஒன்று குறிக்கு, 11 அடுக்குக்கு, மீதி 52 எண்ணின் உடலுக்கு. எழுதாமலே இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படும் முன்னணி 1-ஐயும் சேர்த்தால் 53. அதாவது டபுளுக்குள் இருக்கும் எந்தப் பெரிய எண்ணும் 53 பிட்டுக்குள் அடங்கும் ஒரு முழு எண், அதோடு இரண்டின் ஏதோ ஒரு அடுக்கு, இவ்விரண்டையும் பெருக்கிக் கிடைப்பதுதான். இப்போது இரண்டின் ஆயிரமாவது அடுக்கை இதில் எப்படி எழுதுவது? உடல் 1. அடுக்கு 1000. முடிந்தது. 53 பிட் இடத்தில் ஒரே ஒரு பிட்டைத்தான் அது பயன்படுத்துகிறது. தோராயம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது முழுத் துல்லியமாக உள்ளே இருக்கிறது. எண்ணின் அளவு இங்கே பிரச்சினையே இல்லை. அதில் இருக்கும் இரண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்ட பிறகு மிச்சம் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. புதிர் போட்டவர்கள் இரண்டின் அடுக்கைக் கேட்டார்கள், கணினியும் இரண்டின் கணக்கில் ஓடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது.

நூறின் ஃபாக்டோரியலை இதே தராசில் வைத்தால் நிலைமை தெளிவாகிவிடும். அது 525 பிட் எண். அதில் 97 இரண்டுகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டாலும் மிச்சம் 428 பிட். இருப்பதோ 53 பிட் இடம். முன்பக்கம் நுழைந்த அளவு நுழைந்தது, மீதி கொட்டிப்போனது. அந்த 24 பூஜ்யங்கள் வந்திருக்கவே முடியாது என்பதைக்கூட இப்போது காட்டிவிடலாம். 24 பூஜ்யம் வேண்டுமானால் உடலுக்குள் ஐந்தின் 24-ஆம் அடுக்கு காரணியாக இருக்க வேண்டும். 53 பிட்டில் ஐந்தின் 22-ஆம் அடுக்குக்குத்தான் இடம் உண்டு, 23-ஆம் அடுக்கே வெளியே வழிந்துவிடும். பத்தின் 22-ஆம் அடுக்குவரை டபுள் துல்லியமாக வைத்திருப்பதும், 23-ஆம் அடுக்கில் சறுக்குவதும் இதனால்தான். ஃபாக்டோரியலிலும் எல்லை ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழுகிறது. 22-இன் ஃபாக்டோரியல்வரை சரி. 23-இன் ஃபாக்டோரியல் உண்மையில் 25852016738884976640000. டபுள் சொல்வது 25852016738884978212864. நான் அன்று 10-க்கும் 20-க்கும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இன்னும் மூன்று எண் தள்ளிப் போயிருந்தால் இரண்டு மாலைகள் மிஞ்சியிருக்கும்.

கூடவே இன்னொரு விஷயமும் கைகொடுத்திருக்கிறது. உள்ளே துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, வெளியே அச்சிடுகிறவரும் நேர்மையாக இருக்க வேண்டும். நான் அன்று லினக்ஸில் இருந்தேன். அங்கே உள்ள சி நூலகம் டபுளில் இருக்கும் மதிப்பை 302 இலக்கத்துக்கும் இழுத்து, ஒன்றுவிடாமல் அச்சிடும். வேறு சில பழைய கம்பைலர்களில் 17 இலக்கத்துக்குப் பிறகு பூஜ்யமாக நிரப்பிவிட்டிருப்பார்கள். அப்படி ஒரு கணினியில் அமர்ந்திருந்தால் முதல் நாளே விடை தவறிப்போய், நானும் முதல் நாளே அரேக்கு வந்திருப்பேன். என் கணினி கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் நான் கொஞ்சம் முன்னதாகவே உருப்பட்டிருப்பேன்.

## தலை, வால், நடு

பெரிய எண்களின் இலக்கங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு விஷயம் உண்டு. எண்ணின் இரண்டு முனைகளும் மலிவு. தலை வேண்டுமா, மடக்கை எடு. இரண்டின் மடக்கை 0.30103 என்று வைத்து ஆயிரத்தால் பெருக்கினால் 301.03. முழு எண் பகுதியோடு ஒன்றைச் சேர்த்தால் 302 இலக்கம். மடக்கையை இன்னும் சில இலக்கங்கள் துல்லியமாக எடுத்து, பின்னப் பகுதிக்கு எதிர்மடக்கை பார்த்தால் 1.0715, எண்ணின் முதல் இலக்கங்கள் கையில். வால் வேண்டுமா, ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் கடைசி சில இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடு. இரண்டின் நூறாவது அடுக்கு 376-இல் முடிகிறது. 376-ஐ 376-ஆல் பெருக்கினால் 141376, மறுபடி 376. ஆகவே ஆயிரமாவது அடுக்கும் 376-இல்தான் முடியும். காகிதத்தில் முடிகிற வேலை. 48-ஆம் புதிர் முழுக்க முழுக்க இந்த வால் வித்தைதான்.

டபுள் தலையைக் காப்பாற்றிவிட்டு வாலை விட்டுவிடும். மீதி எடுக்கும் வழி வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடும். நடுவில் இருக்கும் கூட்டத்துக்கு இரண்டுமே உதவாது. இலக்கங்களைக் கூட்டு என்று கேட்கும் புதிர் அந்த நடுவைத்தான் கேட்கிறது. அதனால்தான் அந்தப் புதிரில் ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன், நானே ஏமாற்றிவிட்டு. நடு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டின் 86-ஆம் அடுக்கு 77371252455336267181195264. இதில் பூஜ்யமே கிடையாது. இதற்கு மேல் பூஜ்யம் இல்லாத இரண்டின் அடுக்கு எதையும் யாரும் இதுவரை கண்டதில்லை. இனி கிடையவே கிடையாது என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். நிரூபிக்கத்தான் ஆளில்லை. நடுவில் எங்கோ ஒரு பூஜ்யம் கட்டாயம் விழும் என்று சொல்வதற்குக்கூட நம்மிடம் வழி இல்லை.

மறுநாள் தம்பியிடம் போய், "அதிர்ஷ்டம் இல்லப்பா, தப்பாச் சொல்லிட்டேன்" என்று 53 பிட் கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு தன் பைத்தானில் இரண்டின் ஒரு லட்சமாவது அடுக்கைப் போட்டு இலக்கங்களைக் கூட்டச் சொன்னார். பிழைச் செய்தி வந்தது. 4300 இலக்கத்துக்கு மேல் எழுத்துச் சரமாக மாற்ற மாட்டேன் என்றது. "எண்ணைக் கணக்குப் பண்ணிருச்சு, காட்ட மட்டும் மாட்டேங்குதே" என்று முழித்தார். 2022-இல் வந்த கட்டுப்பாடு அது. 30103 இலக்க எண்ணைப் பெருக்கி உண்டாக்குவது பைத்தானுக்குப் பெரிய வேலை இல்லை. அதைப் பத்தின் இலக்கங்களாக மாற்றுவதுதான் வேலை. கட்டுப்பாடு வந்தபோது இருந்த முறையில், இலக்கங்கள் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கானது. வேண்டுமென்றே நீள நீளமான எண்களை அனுப்பி ஒரு சர்வரை மூச்சுத்திணற வைக்கலாம் என்பதால் கடிவாளம் போட்டார்கள். அதே எண்ணைப் பதினாறடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதிலாக இரண்டின் அடுக்கான பதினாறை வைத்து எழுதும் முறையில் கேட்டால் எந்தத் தடையும் இல்லை, உடனே கொடுத்துவிடும்.

ஏனென்றால் உள்ளே பத்தின் இலக்கங்கள் இல்லவே இல்லை. பைத்தான் தன் பெரிய எண்களை வழக்கமாக 30 பிட் துண்டுகளாக வைத்துக்கொள்கிறது. இரண்டின் ஒரு லட்சமாவது அடுக்குக்கு 3334 துண்டுகள். அவற்றில் உச்சியில் உள்ள ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பூஜ்யம். ஒரு வெறும் 1-ம் அதன் பின்னால் நீளமான வெறுமையும். நாம் அதைப் பத்தில் எழுதச் சொல்லும்போதுதான் 30103 இலக்கங்கள் பிறக்கின்றன. ஒரு வரியில் முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னபோது நான் பெருக்கலைத் திருட்டு ஆட்டம் என்றேன். இரண்டின் அடுக்கில் பெருக்கல் வேலையே கிடையாது. புதிரின் மொத்த பாரமும் அடிமானத்தை மாற்றுவதில் இருக்கிறது. அந்தப் பாரத்தை 302 இலக்கத்துக்கும் அன்று எனக்காகச் சுமந்தது, தசமப் புள்ளிக்குப் பின்னால் எதுவும் வேண்டாம் என்று நான் போட்ட அந்த அச்சிடும் கட்டளை. அது என்ன செய்கிறது என்று யோசிக்காமல் கூப்பிட்டேன். தம்பியாவது துல்லியமான முழு எண்களைக் கொடுக்கும் ஒரு மொழியில், கொடுக்கும் என்று தெரிந்து எழுதினார். ஆக, எங்கள் இருவரில் திருட்டு ஆட்டம் ஆடியது யார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மூத்தவன் என்ற மரியாதை என்னாவது.

பழைய ஃபோல்டரைத் தேடி எடுத்தேன். நிரல் அப்படியே இருந்தது, மேலே ஒரு குறிப்பு வரிகூட இல்லை. கம்பைல் செய்து ஓட்டினேன், 1366. இரண்டு இருந்த இடத்தில் மூன்று என்று மாற்றினேன். மூன்றின் ஆயிரமாவது அடுக்கு டபுளின் எல்லையைத் தாண்டிவிடும், முடிவிலி என்று சொல்லிவிட்டது. அது நேர்மையான பதில். அடுக்கை நூறாகக் குறைத்தேன். அமைதியாக, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், 48 இலக்கங்களை வரிசையாக அச்சிட்டது. இலக்கங்களின் எண்ணிக்கை சரி, முதல் பதினைந்தும் சரி. கடைசி இலக்கத்தைப் பார்த்தேன். நூறு மூன்றுகளைப் பெருக்கிக் கிடைத்ததாக அது சொன்ன எண் ஓர் இரட்டைப்படை எண்.